உணவுத் திருவிழாவில் குப்பை சேர்க்காமல் சாப்பிட்டு வருவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூரில் உணவுத் திருவிழா என்று பலகை வைத்துவிட்டால் போதும், கிளம்பிவிடுகிறோம். அப்படிக் கிளம்புகிறவர்களில் சிலர், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் போய்வர வழி உண்டா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பக்கம். பொதுவாக எல்லோருடைய கண்ணும் தட்டு எதனால் செய்தது என்பதிலேயே நிற்கிறது. என்னைக் கேட்டால், தட்டில் என்ன மிஞ்சியது, சாப்பிட எதில் ஏறி வந்தோம் என்ற இரண்டும் அதைவிடப் பெரிய கணக்கு. அதனால் எல்லாப் பதில்களும் ஒரே நீளத்தில் இருக்காது.

ஒரு நாள் போய்ச் சாப்பிட்டு வருவதில் அப்படி என்ன கெடுதல் வந்துவிடும்?

ஒருவர் சாப்பிடுவதால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் உணவுத் திருவிழாவின் அமைப்பே குப்பைக்குத் தோதானது. நின்றபடி சாப்பிடுகிறோம், கடைக்குக் கடை கொஞ்சம் கொஞ்சம் வாங்குகிறோம், பாத்திரம் கழுவ இடமில்லை. ஓட்டலில் ஒரே தட்டில் முடிகிற சாப்பாடு இங்கே ஐந்து தட்டு, ஐந்து ஸ்பூன், இரண்டு கப், கை நிறைய டிஷ்யூ பேப்பர் என்று பிரிந்துவிடுகிறது. எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் கையில் இருப்பதில்லை.

அதைவிடப் பெரியது வீணாகும் உணவு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த உணவில் இது 19 சதவீதம். ஓட்டல், கேட்டரிங் போன்றவற்றின் பங்கு 29 கோடி டன். வயலில் தொடங்கி தட்டு வரை வீணாகும் உணவு எல்லாவற்றையும் சேர்த்தால், பூமியைச் சூடேற்றும் பசுங்குடில் வாயுக்களில் 8 முதல் 10 சதவீதத்துக்கு அதுவே காரணம். விளைவிக்கச் செலவான தண்ணீரும் உரமும் டீசலும் தண்டம் என்பது ஒரு பக்கம். அந்த உணவு குப்பைமேட்டில் மற்ற குப்பைக்கு அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் கிளம்புவது இன்னொரு பக்கம். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும்.

எதில் போவது நல்லது?

நடக்கிற தூரமென்றால் நடை, இல்லாவிட்டால் சைக்கிள், பஸ், ரயில். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அளவு தெரிந்தால்தான் மனதில் ஏறும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். விழா நடக்கும் இடம் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்வர ஏறக்குறைய 3 கிலோ. 5 கிராம் எடையுள்ள ஒரு பிளாஸ்டிக் கப்பைத் தயாரிக்க 15, 20 கிராம் அளவுக்குத்தான் வரும். தனி ஆளாகக் காரில் வந்து இறங்கிவிட்டு, 'எனக்குக் கப் வேண்டாம்' என்று சொல்கிறவர் அதற்குள் நூறு கப்புக்கு மேல் செலவழித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதற்காகப் பிளாஸ்டிக் கப் ஒன்றும் சாது இல்லை. அது சாக்கடையை அடைக்கும், ஆற்றில் மிதக்கும், மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும். அந்தக் கெடுதல் கார்பன் கணக்கில் தெரியாது. இரண்டையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்தான் வழி என்றால் நான்கு பேராகப் போனால் தலைக்கு முக்கால் கிலோவாகக் குறைந்துவிடும். வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதும் மிச்சம்.

கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

மூடி இறுக்கமாக உள்ள எவர்சில்வர் டப்பா, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், தண்ணீர் பாட்டில், கை துடைக்கத் துணி. இவ்வளவு போதும். அழுக்கான டப்பாவைப் போட ஒரு பழைய கவர் இருந்தால் பை நாறாது. இதற்கென்று புதிதாக மூங்கில் ஸ்பூன் செட்டும் மடக்குத் தட்டும் ஆன்லைனில் வாங்குவது வேண்டாத வேலை. வீட்டில் இருப்பதை எடுத்துப் போவதைவிடப் பசுமையான பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

ஒரே ஒரு பொருள்தான் பையில் கொள்ளும் என்றால் ஸ்பூனை எடுங்கள். ருசி பார்க்கக் கொடுக்கும் குட்டி ஸ்பூன்களுக்கு அளவே கிடையாது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வாய்க்குத்தான் ஆயுள். அளவு சிறியது என்பதால் மறுசுழற்சி ஆலையின் சல்லடையிலும் அவை நிற்பதில்லை.

கடைக்காரர் என் டப்பாவில் போட்டுத் தருவாரா?

பெரும்பாலும் தருவார். எப்போது நீட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். கூட்டம் நெரிக்கும் கடையில் கவனித்துப் பாருங்கள்: அடுக்கின் மேலுள்ள தட்டை இடது கை எடுத்து வைத்த பிறகுதான் கடைக்காரர் நிமிர்ந்து, 'என்ன வேணும்?' என்றே கேட்பார். வாயைத் திறந்து பெயரைச் சொல்வதற்குள் கரண்டி தட்டில் கவிழ்ந்திருக்கும். அப்புறம் டப்பாவை எடுத்தால், தட்டில் விழுந்ததை டப்பாவில் கொட்டிவிட்டு அந்தத் தட்டைத் தூக்கிப் போடுவார். நாம் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. ஆகவே வரிசையில் நிற்கும்போதே மூடியைக் கழற்றி, டப்பாவை அவர் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு, 'இதுல போட்டுடுங்கண்ணா' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

தயங்குகிறவர்களுக்கு இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று அளவு. தட்டைப் பார்த்துத்தான் அவருக்குக் கை நிதானம். 'ஒரு தட்டு அளவு போதும், கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை' என்றால் தீர்ந்தது. இன்னொன்று சுத்தம். வெளியிலிருந்து வந்த பாத்திரத்தில் கரண்டி பட்டால் மொத்தச் சட்டிக்கும் கெடுதல் என்ற பயம் நியாயமானது. டப்பா பளிச்சென்று காய்ந்திருக்க வேண்டும். கரண்டி விளிம்பில் படாதபடி தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் மாட்டேன் என்றால் வாதாட வேண்டாம். சில இடங்களில் அமைப்பாளர்களே வெளிப் பாத்திரத்தைத் தடை செய்திருப்பார்கள், அவர் என்ன செய்வார்? முதல் கடையில் வாங்கிய தட்டையே துடைத்துவிட்டு அடுத்த கடையிலும் நீட்டலாம்.

'மக்கும்' என்று எழுதிய தட்டும் கப்பும் இருந்தால் போதாதா?

எங்கே மக்கும் என்று எதிர்க்கேள்வி கேட்க வேண்டிய இடம் இது. சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பொருள் பார்க்க அசல் பிளாஸ்டிக் போலவே இருக்கும். அது ஒழுங்காக மக்க 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் ஈரமும் வாரக்கணக்கில் வேண்டும். அது தொழிற்கூட உரக்கிடங்கில்தான் கிடைக்கும். ஐரோப்பாவின் இ.என். 13432 தரச்சான்றும் அந்தச் சூழலை வைத்துத்தான் அளக்கிறது: 12 வாரத்தில் பொருள் பொடிந்துவிட வேண்டும், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். அதே கப் ஆற்றிலோ வீட்டுத் தோட்டத்து உரக்குழியிலோ விழுந்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொட்டிக்குப் போனால் அங்கேயும் கலப்படம்தான்.

விழாவில் மக்கும் குப்பைக்கென்று தனித் தொட்டி இருந்து, அதை எடுத்துப் போக உரக்கிடங்கும் இருந்தால் இந்தப் பொருட்கள் உண்மையிலேயே உதவும். எச்சில் சோற்றோடு சேர்த்து அப்படியே போட்டுவிடலாம் என்பது பெரிய வசதி. தொட்டி இல்லாவிட்டால் அந்த எழுத்து வெறும் அலங்காரம்.

பேப்பர் கப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய தோல் போல ஒன்று உரியும். பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு அது. நார்க்கூழை அச்சில் அழுத்திச் செய்யும் சில தட்டுகளில் எண்ணெய் ஊறாமலிருக்க பி.எஃப்.ஏ.எஸ். வகை வேதிப்பொருட்களைச் சேர்த்து வந்தார்கள். இயற்கையில் எளிதில் சிதையாதவை அவை. உணவுப் பொட்டலங்களுக்கான இந்த வகை எண்ணெய்த்தடுப்புப் பொருட்கள் அமெரிக்கச் சந்தையில் விற்கப்படுவது நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

பூச்சு எதுவும் இல்லாமல், இலையையும் மட்டையையும் அழுத்திச் செய்த தட்டுதான் தூக்கிப் போடுகிற வகைகளில் எனக்குப் பிடித்தது. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் தட்டுக்கு அதுவும் ஈடாகாது.

பிளாஸ்டிக் தட்டைத்தான் தடை செய்துவிட்டார்களே?

பல நாடுகளில் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 3 முதல், இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, ஸ்பூன், ஸ்ட்ரா போன்றவற்றுக்குத் தடை. சட்டம் பிளாஸ்டிக்கை நிறுத்தியதே தவிர, தூக்கிப் போடுகிற பழக்கத்தை நிறுத்தவில்லை. பிளாஸ்டிக் இருந்த அடுக்கில் இப்போது பேப்பரும் மரமும் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ருசி பார்க்கவும் வேண்டும், வீணாக்கவும் கூடாது. எப்படி ஆர்டர் செய்வது?

உணவுத் திருவிழாவில் மீந்துபோகக் காரணம் பசி தப்பாகக் கணக்குப் போடுவதுதான். வாசலிலேயே வாசனை பிடித்திழுக்கும். முதல் இரண்டு கடையில் பெரிய தட்டாக வாங்கி வயிறு நிறைந்த பிறகு, உள்ளே ஐம்பது கடை இருப்பது தெரியவரும். அப்புறம் வாங்குவதெல்லாம் இரண்டு வாய் தின்றுவிட்டு வைக்கிற கதைதான்.

முதலில் ஒரு சுற்று சும்மா நடந்து வாருங்கள். எதையும் வாங்காமல், எந்தக் கடையில் என்ன, எவ்வளவு பெரிய தட்டு என்று மட்டும் பாருங்கள். பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவரின் தட்டைப் பார்த்தால் அளவு புரிந்துவிடும். அதன் பிறகு கூட வந்தவர்களோடு பேசி, எதெது வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

நான்கு பேர் போனால் ஒரு வகைக்கு ஒரே ஒரு தட்டு. நாலு பேரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, ரொம்பப் பிடித்திருந்தால் மட்டும் இன்னொன்று. நான்கு தட்டாக வாங்கிவிட்டுப் பிடிக்காமல் நான்கையும் வைப்பதைவிட, ஒரு தடவை கூடுதலாக வரிசையில் நிற்பது மேல். தனியாகப் போனால், 'அரைத் தட்டு கிடைக்குமா?' என்று கேளுங்கள். பலகையில் எழுதியிருக்காது, கேட்டால் கொடுப்பார்கள். சட்னி, குழம்பு, ஊறுகாய் போன்ற தொட்டுக்கொள்கிற வகைகளில் வேண்டாததை முதலிலேயே வேண்டாம் என்றுவிட வேண்டும். தட்டில் எப்போதும் மிஞ்சுவது அவைதான். காம்போ என்று சேர்த்துக் கொடுப்பதில் ஒரு பொருள் நமக்கு வேண்டாததாகவே இருக்கும். மலிவு என்று வாங்கிக் குப்பையில் போட்டால் அது மலிவில்லை.

முழுப் பட்டினியோடு போகவும் வேண்டாம். கிளம்பும் முன் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டுப் போனால் நிதானமாகத் தேர்ந்தெடுப்போம்.

மீந்ததை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

தாராளமாக. டப்பா அதற்கும்தான். ஆனால் சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்தை நீங்கள் வாங்கிய நிமிடத்திலிருந்து எண்ணக் கூடாது. கடையில் சூடில்லாமல் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர்த்தி. கொதிக்கக் கொதிக்க எடுத்துக் கொடுத்ததென்றால் பயமில்லை. பால், முட்டை, இறைச்சி, மீன் சேர்ந்த ஆறிப்போன பண்டமென்றால் அங்கேயே பகிர்ந்து தீர்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுபடி சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

உள்ளூர்ப் பொருளில் செய்தது என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

பக்கத்து விவசாயிக்கு நல்லது, ருசிக்கும் நல்லது. ஆனால் கார்பன் கணக்கு வேறு மாதிரி போகிறது. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்து 2018இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உணவால் வெளியாகும் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவு என்று அது காட்டியது. பெரும்பங்கு நிலத்திலும் பண்ணையிலுமே வெளியாகிறது. விமானத்தில் வரும் பழம், காய்கறி போன்றவை மட்டும் விதிவிலக்கு.

அதாவது எங்கிருந்து வந்தது என்பதைவிட எது என்பதே முக்கியம். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் இறைச்சி கிலோவுக்கு வெளியிடும் வாயு, கோழியைவிடப் பல மடங்கு. பயறு, பருப்பு வகைகள் கோழிக்கும் வெகு கீழே. அசைவப் பிரியர்கள் சைவமாக மாற வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. பத்து வகை ருசி பார்க்கப் போகிற இடத்தில் ஆறேழு பயறு, காய்கறி வகையாக இருந்து, நிஜமாகவே ஆசைப்பட்ட இறைச்சி ஒன்றிரண்டு இருந்தால் கணக்கு வெகுவாக இறங்கிவிடும். பருவத்தில் விளைந்ததைக் கேட்டு வாங்குவதும் நல்லது. சூடேற்றிய கூடாரத்தில் வளர்த்ததற்கும் மாதக்கணக்கில் குளிர்கிடங்கில் வைத்ததற்கும் மின்சாரச் செலவு அதிகம்.

எந்தத் தொட்டியில் எதைப் போடுவது?

விழா நடுவில் உள்ள தொட்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய தட்டுகள், நடுவில் நசுங்கிய சோறு, அதில் செங்குத்தாக ஸ்பூன், ஓரத்தில் பாதி ஜூஸோடு சாய்ந்த கப், மேலே எண்ணெய் குடித்த டிஷ்யூ. தனித்தனியே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருந்திருக்கும். சேர்ந்துவிட்டால் யாரோ ஒருவர் கைவிட்டுப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் குப்பைமேட்டுக்கு.

போடும் முன் செய்ய வேண்டியது மூன்றே நொடி வேலை. மிஞ்சிய உணவை உணவுக் குப்பையில் தள்ளுங்கள். திரவத்தை ஊற்றிவிட்டுக் கப்பைப் போடுங்கள். ஸ்பூனைத் தனியே எடுங்கள். எண்ணெய் பட்ட காகிதம் காகித மறுசுழற்சிக்கு ஆகாது, மக்கும் குப்பைக்கு ஆகும். கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவைப் பல ஆலைகளின் அகச்சிவப்புக் கருவிகளால் அடையாளம் காண முடியாது, அதிலுள்ள கரித்தூள் ஒளியை விழுங்கிவிடும். சந்தேகமாக இருக்கும் பொருளை மறுசுழற்சித் தொட்டியில் 'இருக்கட்டும்' என்று போடுவதுதான் பெரிய தப்பு. ஒரு பொருள் மற்றவற்றையும் கெடுத்துவிடும். சந்தேகமென்றால் பொதுக்குப்பை. தொட்டி வழிந்தால் மேலே அடுக்காதீர்கள், அடுத்த தொட்டிக்கு நடங்கள்.

குழந்தைகளோடு போகிறோமே?

அவர்களுக்கென்று தனித் தட்டு வாங்க வேண்டாம், உங்கள் தட்டிலிருந்தே தொடங்கட்டும். ஈரத் துடைப்பான் பாக்கெட்டுக்குப் பதில் நனைத்த துணி இரண்டு எடுத்துப் போங்கள். அந்தத் துடைப்பான்களில் பலவற்றில் இருப்பது பிளாஸ்டிக் இழை. பலூன் வேண்டாம் என்று சொல்லி அழ வைக்கும் வேலையை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

டெபாசிட் கட்டி கப் வாங்கும் முறை சில விழாக்களில் இருக்கிறதே, அது என்ன?

கப்புக்கு ஒரு தொகை கட்டி வாங்குகிறீர்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். கப்பைக் கழுவி மறுபடி சுற்றுக்கு விடுவார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரம் 1991இலேயே தன் இடத்தில் நடக்கும் விழாக்களில் தூக்கிப் போடும் பாத்திரங்களுக்குத் தடை போட்டது. லட்சக்கணக்கானோர் கூடும் அக்டோபர்ஃபெஸ்ட்டும் அதற்குள் அடக்கம். கூட்டம் அதிகம், முடியாது என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை.

இதில் நம் பங்கு ஒன்றுதான்: கப்பை நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்து வராமல் இருப்பது. தடித்த கப்பைச் செய்யப் பிளாஸ்டிக் அதிகம் தேவை. பல சுற்று வந்தால்தான் லாபம். ஒரே நாளில் அலமாரிக்குப் போனால் மெல்லிய கப்பே தேவலை என்றாகிவிடும்.

அமைப்பாளர்களிடம் எதைக் கேட்கலாம்?

குறை சொல்வதைவிடக் குறிப்பாகக் கேட்பது பலன் தரும். தண்ணீர் பிடிக்கக் குழாய் எங்கே? பாத்திரம் அலச ஒரு தொட்டி வைப்பீர்களா? கடைகளுக்கு டீசல் ஜெனரேட்டரா, மின் இணைப்பா? பொரித்த எண்ணெயை யார் எடுத்துப் போகிறார்கள்? (சாக்கடையில் ஊற்றினால் உறைந்து அடைக்கும். சேகரித்துக் கொடுத்தால் பயோடீசலாகும்.) விற்காத உணவு எங்கே போகிறது? விழாவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். மேடையும் விளக்கும் போட்ட பிறகு கேட்டால், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பதுதான் பதிலாக வரும்.

விழா முடிகிற நேரத்தில் போய், விலை குறைத்து விற்பதை வாங்கினால் வீணாவது குறையுமா?

குறையும். சட்டியில் மீந்து கொட்டப்போவதைத்தான் வாங்குகிறீர்கள். ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அடுப்பில் சூடாக இருப்பதை வாங்குங்கள், மதியத்திலிருந்து திறந்து கிடப்பதை விடுங்கள். அப்புறம், மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்று பேர் சாப்பாட்டை ஒருவர் வாங்கினால் கடையில் வீணாக வேண்டியது உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நான்கு நாள் இருந்துவிட்டு வீணாகும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் பார்த்துவைத்துக் கிளம்புங்கள். அதைத் தவறவிட்டால் திரும்பி வரக் கார்தான் பிடிக்க வேண்டும்.